காலையில் லத்தி எண்ணுங்கள்: மணற்கரையில் குதிரை வளர்ப்பவர்களுக்கு

விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் வளவில் நடக்கும் முதல் வேலை லத்தி, அதாவது குதிரைச் சாணம், எண்ணுவது. தேநீர் அதற்குப் பிறகுதான். டோர்ச்சையும் கடகத்தையும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போவேன். இரவு முழுவதும் எங்கள் குதிரை ராணி எத்தனை குவியல் போட்டிருக்கிறாள் என்று எண்ணி, கொட்டில் தூணில் தொங்கும் கலண்டரில் அன்றைய தேதிக்குக் கீழே எழுதுவேன். வளர்ந்த குதிரை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை லத்தி போடும். இரவுப் பங்கு நான்கு அல்லது ஐந்து. கோயில் உண்டியலைக்கூட இவ்வளவு கவனமாக எண்ணமாட்டார்கள் என்று என் மச்சான் கேலி செய்வான்.

இந்தப் பழக்கம் பட்டுத் தெளிந்ததால் வந்தது. வறண்ட கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு காலையில் கொட்டிலில் ஒரே ஒரு குவியல் கிடந்தது. அதிலும் நான்கே உருண்டைகள். கொட்டைப்பாக்குப் போல இறுகி, மேலே சளி பூசி மினுங்கின. அள்ளி எருக்குழியில் கொட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். பத்து மணிக்கு ராணி முன்னங்காலால் தரையைக் கிளறத் தொடங்கியபோதுதான் காலையில் பார்த்தது என்னவென்று உறைத்தது.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் பெண் எடுத்து, மனைவி வீட்டோடு வந்து குடியிருப்பவன். ராணி நுவரெலியாவில் ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரை. ஏப்ரல் பந்தயம் முடிந்த கையோடு லொறியில் ஏற்றி வந்தோம். கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவதற்கும், கல்யாண ஊர்வலங்களுக்கும் அவள்தான். மாமனார் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் நாற்பது வருடம் எருமை வளர்த்தவர். மாட்டு வைத்தியம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இந்தப் பக்கத்தில் குதிரை வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம், மாடு தெரிந்தவர்களோ ஆயிரம் பேர். குதிரைக்கு வயிற்றில் ஏதாவது என்றால் அந்த ஆயிரம் பேரும் வேலியோரம் நின்று மாட்டு வைத்தியம் சொல்வார்கள். அவர்களை மரியாதையாகத் திருப்பி அனுப்புவது எப்படி என்பதுதான் நான் எழுதப்போவதில் பாதி.

தயிர்ச்சட்டி பின்னால் இருக்கிறது

மாடு தின்றதை முதலில் புளிக்கவைக்கிறது, அசைபோடுகிறது, ஏப்பம் விடுகிறது. அதன்பிறகுதான் குடலுக்கு அனுப்புகிறது. புல்லை நொதிக்கவைக்கும் பெரிய சட்டி மாட்டுக்கு முன்னால் இருக்கிறது. குதிரைக்கு அந்தச் சட்டி பின்னால், குடலின் கடைசிப் பகுதியில். குதிரையின் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லீற்றர்வரைதான் கொள்ளும். அதன் வாசலிலுள்ள தசை மிக இறுக்கமானது என்பதால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கீழே அடைத்தால் மேலே வழியில்லை. இரைப்பை நிரம்பி வெடித்த குதிரைகள் உண்டு.

இதை மாமாவுக்கு விளக்க, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை முற்றத்தில் விரித்துக் காட்டினேன். சிறுகுடல் ஏறக்குறைய 20 மீற்றர். அதன் முடிவில் வலது பக்கத்தில் பெருங்குடல்வாய், ஒரு மீற்றர் நீளத்தில் 30 லீற்றர் அளவு கொள்ளும் பை. அதற்குப் பின் பெரிய பெருங்குடல், மூன்று நான்கு மீற்றர், 60 லீற்றருக்கு மேல் கொள்ளும். அதற்கடுத்த சின்னப் பெருங்குடலில்தான் தண்ணீர் உறிஞ்சப்பட்டு லத்தி உருண்டையாகிறது. இந்தப் பெரிய பெருங்குடல் வயிற்றுக்குள் இரட்டை லாடம்போல மடிந்து கிடக்கிறது. பெரும்பகுதி எதிலும் கட்டப்படாமல் மிதப்பதால் இடம் மாறவும் முறுக்கிக்கொள்ளவும் அதனால் முடியும்.

கவனிக்க வேண்டிய இடம் இடுப்பெலும்புக்கு அருகிலுள்ள இடதுபக்க வளைவு. அங்கே குடல் சட்டென்று ஒடுங்கி, வந்த வழியே திரும்புகிறது. மகியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவில் போயிருக்கிறீர்களா? ஒரு பாரலொறி வளைவில் சிக்கினால் பின்னால் எல்லா வாகனமும் நிற்கும். காய்ந்த தீனி அந்த வளைவில் நிற்பதுதான் கீழ்க்குடல் அடைப்பில் அதிகம் காணப்படுவது. ராணிக்கும் அங்கேதான் நின்றது.

வலி எப்படித் தெரியும்

மாடு முனகும். குதிரை பெரும்பாலும் சத்தமே போடாது; உடம்பால்தான் சொல்லும். தீனியை விட்டு ஒதுங்கும். முன்னங்காலால் கிளறும். கழுத்தைத் திருப்பித் தன் விலாவைப் பார்க்கும், சில சமயம் கடிக்கப்போகும். மேலுதட்டைச் சுருட்டும். சிறுநீர் கழிக்கப் போவதுபோல் நான்கு காலையும் நீட்டி நிற்கும், ஆனால் ஒன்றும் வராது. இதைப் பார்த்துத்தான் "நீர்க்கடுப்பு, இளநீர் கொடுங்கள்" என்று எங்களிடம் ஒருவர் சொன்னார். பிறகு படுக்கும், எழும்பும், மறுபடி படுக்கும், உருளும், வியர்க்கும். அடைப்பு மெதுவாக வரும் நோய் என்பதால் முதல் நாள் வலி விட்டுவிட்டு லேசாகத்தான் இருக்கும். அப்போதே பிடித்துவிட வேண்டும்.

மிருக வைத்தியரைக் கூப்பிடுமுன் ஐந்து விடயங்களைப் பார்த்து எழுதி வையுங்கள். தொலைபேசியில் "குதிரை கஷ்டப்படுகிறது" என்பதைவிட "நாடித்துடிப்பு 52, லத்தி நேற்று இரவிலிருந்து ஒன்று" என்றால் அவர் வேகமாக முடிவெடுப்பார். நாடியைக் கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலால் உருட்டிப் பிடிக்கலாம். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44. அறுபதைத் தாண்டி அங்கேயே நின்றால் நிலைமை மோசம்; எண்பது என்றால் மிக மோசம். மூச்சு 8 முதல் 16. உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ். ஈறு இளஞ்சிவப்பாய் ஈரமாய் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். செங்கல் நிறமோ ஊதாவோ கண்டால் மற்ற எண்களைப் பார்க்கவே தேவையில்லை, உடனே அழையுங்கள்.

ஐந்தாவது, வயிற்றின் ஓசை. பாடும் மீனைக் கேட்க வாவியில் துடுப்பை இறக்கிக் காதை வைத்த ஊர் நம்முடையது. குதிரை வயிற்றைக் கேட்பது அதைவிட எளிது. இரு பக்கமும் விலாவின் மேலும் கீழுமாக நான்கு இடம், ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம். வலது மேல்விலாவில் நிமிடத்துக்கு ஓரிரு தடவை, தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குவதுபோல் நீண்ட ஓசை வரும். அது பெருங்குடல்வாய் வேலை செய்கிறது என்பதன் அடையாளம். நலமாக இருக்கும் நாளிலேயே தினமும் கேட்டுப் பழகுங்கள். நோய் வந்த அன்று முதல்முறையாகக் காதை வைத்தால், அமைதி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது.

வைத்தியர் வரும்வரை

அன்று மாமா, மாட்டுக்கு மருந்து ஊற்றும் மூங்கில் கொட்டத்தையும் ஒரு போத்தல் நல்லெண்ணெயையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "மருமகன், தலையைத் தூக்கிப் பிடியுங்கள், ஊற்றிவிடுகிறேன். பின்னேரத்துக்குள் திறந்துவிடும்." எருமைக்கு அவர் நூறு தடவை செய்த வேலை. நானும் கயிற்றைப் பிடித்துவிட்டேன். தொலைபேசியில் இருந்த வைத்தியர் அம்மாவுக்குப் பின்னால் நடந்த பேச்சுக் கேட்டிருக்க வேண்டும். "வாயில் எதையும் ஊற்றாதீர்கள்!" என்று அவர் போட்ட சத்தம் மாமாவுக்கே கேட்டது.

காரணம் இதுதான். தலையைத் தூக்கி ஊற்றினால் எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்துப் பெரியது. நுரையீரலுக்குள் போன எண்ணெய் திரும்ப வராது. குடல் அடைப்பிலிருந்து பிழைத்த குதிரை நிமோனியாவில் சாகும். எண்ணெய் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், வைத்தியர் மூக்கு வழியாக இரைப்பைவரை குழாய் இறக்கி, சரியான இடத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகு கொடுப்பார். வீட்டில் செய்யும் வேலையல்ல அது.

அதேபோல் ஆசனவாய்க்குள் கையையோ, சவர்க்காரத் தண்ணீர்க் குழாயையோ விடாதீர்கள். குதிரையின் மலக்குடல் சுவர் மாட்டினுடையதைவிட எளிதில் கிழியும். கிழிந்தால் சாணம் வயிற்றறைக்குள் போய்விடும். அதற்குப் பின் பெரும்பாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. மாட்டுக்குச் சினை பார்க்கும் கைகாரர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். நல்ல மனிதர். அவரையும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

செய்யக்கூடியது சொற்பம். தீனி முழுவதையும் எடுத்துவிடுங்கள், படுக்கையாகப் போட்ட வைக்கோலையும் சேர்த்து. தண்ணீர் இருக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடத்துங்கள். மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு திரிவதால் குதிரையும் நீங்களும் களைப்பதுதான் மிச்சம். அமைதியாகப் படுத்திருந்தால் படுக்கவிடுங்கள். புரள்கிறது என்றால், சுவரும் கம்பியும் இல்லாத மென்மையான இடத்துக்குக் கொண்டுபோய், பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். வீட்டிலிருக்கும் வலிமருந்து எதையும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வலி மறைந்தால் அவர் பார்க்க வேண்டிய அடையாளமும் சேர்ந்து மறைந்துவிடும்.

எடை தெரிந்திருப்பதும் பெரிய உதவி. தராசு நம்மிடம் இல்லை, தையல் நாடா இருக்கிறது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவையும், தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு முனைவரையான நீளத்தையும் சென்ரிமீற்றரில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ வரும். ராணிக்குச் சுற்றளவு 175, நீளம் 160. கணக்குப் பார்த்தால் 412 கிலோ. அதைக் கரியால் கொட்டில் சுவரில் எழுதியிருக்கிறேன். மருந்தெல்லாம் எடைக் கணக்கில்தான்.

வைத்தியர் என்ன செய்கிறார்

வந்ததும் நாடி பார்த்தார், 52. பிறகு மூக்கு வழியாகக் குழாய். மருந்து கொடுக்கத்தான் என்று நினைத்தேன். முதலில் இரைப்பையிலிருந்து ஏதாவது திரும்பி வருகிறதா என்று பார்ப்பதற்கு என்றார். இரண்டு லீற்றருக்கு மேல் திரும்பி வந்தால் மேலே தேக்கம் இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட குதிரைக்குள் இன்னும் ஊற்றுவது கொலை. ராணிக்கு ஒன்றும் திரும்பவில்லை. பிறகு நீளக் கையுறை போட்டு, நிறைய வழவழப்புப் பசை தடவி, குதிரையை மயக்க ஊசியில் அமைதிப்படுத்தி, மலக்குடல் வழியாகத் தொட்டுப் பார்த்தார். "இடதுபக்க வளைவில் பிசைந்த மா மாதிரி இருக்கிறது. அழுத்தினால் பள்ளம் விழுகிறது. எவ்வளவு நாளாக வைக்கோல் கொடுக்கிறீர்கள்?"

மூன்று வாரம். நுவரெலியாவின் பச்சைப் புல்லைத் தின்று வளர்ந்தவளுக்கு, சித்திரைக்குப் பின் இங்கே புல் கிடைக்காமல் நெல் வைக்கோலைப் போட்டிருந்தேன். அதற்கு மேல் கிணறு. கச்சான் காலத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர்த்துவிடும். நாங்கள் குடிக்கக் குழாய்த் தண்ணீர், அவளுக்குக் கிணற்றுத் தண்ணீர். அவள் பாதி வாளியோடு முகத்தைத் திருப்பியதை, "குளிர் நாட்டுக் குதிரை, தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும்" என்று நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அவள் அளவுள்ள குதிரை இந்த வெக்கையில் நாளுக்கு 30, 40 லீற்றர் குடிக்க வேண்டும்.

வலிக்குப் புளூனிக்சின் என்ற மருந்தை இரத்த நாளத்தில் போட்டார். அதைத் தசையில் போடக்கூடாது. போட்ட இடத்தில் கிருமி வளர்ந்து சதை அழுகிச் செத்த குதிரைகள் உண்டு. பிறகு குழாய் வழியாக உப்புக்கள் அளந்து கலந்த வெதுவெதுப்பான தண்ணீர் ஆறு லீற்றர், அதோடு எப்சம் உப்பு கிலோவுக்கு ஒரு கிராம் கணக்கில். எப்சம் உப்பு குடலுக்குள் நீரை இழுத்து இறுகியதை ஊறவைக்கிறது. உடம்பில் நீர் வற்றிய குதிரைக்கு அதைத் தனியே கொடுத்தால் இருக்கிற நீரையும் இழுத்துவிடும். அதனால்தான் தண்ணீரும் கூடவே போக வேண்டும். நாள் கணக்கில் தொடரவும் கூடாது. இரவு மறுபடி ஆறு லீற்றர். அடுத்த நாள் காலை மறுபடி.

திரவப் பரபின் எண்ணெயை இரண்டாம் நாள்தான் கொடுத்தார், மூன்று லீற்றர். எண்ணெய்தான் அடைப்பைத் திறக்கும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். எண்ணெய் இறுகிய கட்டியைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போய்விடக்கூடும், கட்டி அப்படியே இருக்கும். உண்மையில் வேலை செய்வது தண்ணீர். எண்ணெயின் பயன், அது பின்னால் வந்து சேர்ந்தால் வழி இருக்கிறது என்று தெரிவதுதான். மூன்றாம் நாள் விடியற்காலை ராணியின் வாலிலும் பின்னந்தொடையிலும் எண்ணெய் பளபளத்தது. அதற்குப் பின்னே, மாட்டுச் சாணம்போலத் தளதளவென்று ஒரு குவியல்.

அந்தக் குவியலை வைத்தியர் கையுறைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "மணல் பார்க்க."

மணல்

கல்லடி, பாசிக்குடா, கல்குடா என்று எங்கே கொட்டில் கட்டினாலும் நாம் மணலில்தான் கட்டுகிறோம். தரையில் கொட்டிய தவிட்டை நக்கும்போதும், குட்டை அறுகைக் கௌவி வேரோடு பிடுங்கும்போதும், குதிரை கொஞ்சம் கொஞ்சமாக மணல் தின்கிறது. மணல் பாரம், பெருங்குடலின் அடியில் தங்கிவிடும். கிலோக் கணக்கில் சேரும்வரை எதுவும் தெரியாமலும் இருக்கலாம். பிறகு குடல் உட்சுவரை உரசி வயிற்றோட்டம் வரும், அல்லது அடைக்கும், அல்லது பாரத்தில் குடலே இடம் மாறும். காரணம் தெரியாத இளகிய லத்தி, மெலிவு, மாதம் ஒருமுறை லேசான வயிற்றுவலி என்றால் நான் முதலில் மணலைத்தான் சந்தேகிப்பேன்.

சோதனையை நீங்களே செய்யலாம். குவியலின் மேலிருந்து, தரையில் படாத ஆறு உருண்டைகளை எடுத்து, நிறமில்லாத பொலித்தீன் பைக்குள் போட்டு, ஒரு லீற்றர் தண்ணீர் விட்டு நன்றாகக் கரையுங்கள். பையின் ஒரு மூலை கீழே இருக்கும்படி கால் மணி நேரம் ஆணியில் தொங்கவிடுங்கள். பிறகு அந்த மூலையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நெரித்துப் பாருங்கள். நெறுநெறுவென்றால் மணல். தேக்கரண்டி அளவுக்கு வந்தால் வைத்தியரிடம் பேச வேண்டிய நேரம். எங்கள் பையில் மூலை முழுக்க நின்றது. கழுவி ஊற்றியபோது எங்கள் முற்றத்து வெள்ளை மணலேதான், ஒரு சின்னச் சிப்பித் துண்டோடு. ஒன்று நினைவிருக்கட்டும்: பையில் மணல் வரவில்லை என்பதால் உள்ளே இல்லை என்று ஆகாது. உள்ளேயே அசையாமல் கிடக்கலாம்.

வயிற்றின் அடியில், நெஞ்செலும்புக்குச் சற்றுப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஐந்து நிமிடம் கேட்டால், மணல் உள்ள குதிரையில் அலை கரையேறித் திரும்புவதுபோல் ஓசை வரும். வைத்தியர் அம்மா குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். கடைசியில், "உங்கள் வீட்டில் இதைக் கேட்க முடியாது. கடல் எது, குதிரை எது என்று பிரிக்க முடியவில்லை" என்றார். வாவிப் பக்கத்து உறவினர் வளவுக்கு ராணியை நடத்திக்கொண்டுபோய்க் கேட்டோம். கடல் அங்கேயும் இருந்தது, வயிற்றுக்குள்.

மணலை வெளியேற்ற இசப்கோல் உமி. மனிதர்கள் மலச்சிக்கலுக்குக் குடிக்கும் அதே இசப்கோல்தான். அதையும் எப்சம் உப்பையும் ஒவ்வொன்றும் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் சேர்த்து, குழாய் வழியாக நாளுக்கு ஒருமுறை நான்கு நாள் கொடுத்தார். இசப்கோல் தண்ணீரைக் கண்டதும் களியாகி விடும், குழாய் அடைத்துக்கொள்ளும். கலந்த கையோடு உள்ளே போய்விட வேண்டும். வாளியில் தீனியோடு கொடுப்பது குழாய் அளவுக்கு வேலை செய்யாது, ஆனால் தடுப்பாக மாதத்தில் ஒரு வாரம் கொடுப்பவர்கள் உண்டு. நானும் கொடுக்கிறேன், சிறிது எண்ணெயில் புரட்டி.

அதைவிடப் பயன் தந்தது பழைய ரப்பர் பாயும் படங்கும். தீனி வைக்கும் இடத்தில் பத்தடிக்குப் பத்தடி படங்கு விரித்து, மேலே பாய், அதன்மேல் தொட்டி. தினமும் கூட்டித் துடைப்பது பிள்ளைகளின் வேலை. முன்பு புல்லைப் பழைய மீன்வலைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். கடற்கரை ஊரில் இலவசமாகக் கிடைக்கும் பொருள் என்று பெருமை வேறு. நைலோன் நூலை விழுங்கினால் அது சின்னப் பெருங்குடலில் சிக்கிக் கட்டியாகும். அறுவைச் சிகிச்சையைத் தவிர வழியில்லை. அன்றே அறுத்து எறிந்தேன்.

உண்ணி மருந்து

இது என் சொந்தத் தவறு, இதை வாசித்து ஒருவராவது தப்பினால் நல்லது. அடுத்த மாரி முடிந்த தையில், ராணியின் காதோரமும் வாலடியிலும் உண்ணி பிடித்திருந்தது. மாமாவின் எருமைகளுக்குத் தெளிக்கும் மருந்து வீட்டில் இருந்தது, அமித்ராஸ் கலந்தது. தண்ணீரில் கலந்து, தெளிகருவியால் உடம்பெல்லாம் அடித்தேன். அன்று பின்னேரம் தலையைத் தொங்கப்போட்டு நின்றாள். மறுநாள் நடை தள்ளாடியது, லத்தி இல்லை. விலாவில் காதை வைத்தேன். முழு நிமிடம், நான்கு இடத்திலும், ஒரு சத்தமும் இல்லை.

வைக்கோல் அதிகமில்லை, நல்ல தண்ணீர் குடிக்கிறாள், படங்கும் விரித்திருக்கிறது. பின் எப்படி? வைத்தியர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இவள் மேல் என்ன பூசினீர்கள்?" அமித்ராஸ் குதிரையின் பெருங்குடல் அசைவையே நிறுத்திவிடும். அசையாத குடலில் இருப்பதெல்லாம் வற்றி இறுகி அடைக்கும். மாட்டுக்குச் சாதாரணமாகப் பயன்படும் மருந்து, குதிரைக்கு ஆகாது. சவர்க்காரம் போட்டு உடம்பைக் கழுவி, மறுபடி குழாய், தண்ணீர், ஊசி. முன்னையதைவிட இரண்டு நாள் கூட எடுத்தது.

மாட்டு அலுமாரியில் இருக்கும் வேறு இரண்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடாதீர்கள். குதிரைக்கு அந்த மருந்து வாயால் கொடுக்கும் பசையாக, எடைக்கேற்ற அளவில். கோழித்தீனி சிலவற்றில் இரத்தக்கழிச்சலைத் தடுக்க மொனென்சின் சேர்க்கிறார்கள். அது குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொல்லும். மிச்சக் கோழித்தீனியைக் குதிரை வாளியில் கொட்டும் கை இருந்தால் அந்தக் கையைப் பிடியுங்கள்.

மற்றவை

வாயு மட்டும் சேர்ந்த வயிற்றுவலி திடீரென்று பலமாக வரும். மேல்விலா உப்பி, தட்டினால் பறைபோல ஒலிக்கும். தானியம் கூடினாலோ, வெட்டிக் குவித்துச் சூடேறிய புல்லைத் தின்றாலோ வருவது. பெரும்பாலும் ஓர் ஊசியிலும் சிறிது நடையிலும் தீரும்.

குடல் இடம் மாறுவது வேறு. இடது பெருங்குடல் மேலேறி, மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள தசைநாரில் தொங்கிக்கொண்டால், மண்ணீரலைச் சுருக்கும் ஊசி போட்டு ஓடவைத்துச் சில குதிரைகளைத் திருத்தியிருக்கிறார்கள். முழுவதும் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் குடல் செத்துவிடும். வயிற்றைத் திறந்தால்தான் உண்டு. மட்டக்களப்பில் அதற்கு வசதியில்லை, அந்த நிலையிலுள்ள குதிரையை லொறியில் ஏற்றிப் பதினெட்டு வளைவு ஏற்றுவது நான் யாருக்கும் சொல்லும் யோசனையல்ல. வலிமருந்துக்கும் அடங்காத வலி, எண்பதைத் தாண்டிய நாடி, கறுத்த ஈறு என்றால், வலியில்லாமல் முடித்துவைக்கும் ஊசியைப் பற்றி வைத்தியர் பேசுவார். கோபப்படாமல் கேளுங்கள். துடித்துக்கொண்டிருந்த குதிரை திடீரென்று அமைதியாகி, நாடி மட்டும் ஓடி, உடம்பு குளிர்ந்து வியர்த்தால், "சுகமாகிவிட்டது" என்று தேங்காய் உடைக்காதீர்கள். உள்ளே குடல் வெடித்திருக்கலாம்.

வயிற்றோட்டத்தில் தாமதமே வேண்டாம். காய்ச்சலோடு தண்ணீராகப் போகும் குதிரை ஒரே நாளில் வற்றிச் செத்துவிடும். சல்மொனெல்லாக் கிருமியாகவும் இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். தனி வாளி, தனி மண்வெட்டி, கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக்கூடாது. மிச்சமிருந்த அன்டிபயோட்டிக்கை நாமாகக் கொடுப்பதே சில குதிரைகளுக்கு இதைக் கொண்டுவரும். கால்வலிக்கு நீண்ட நாள் கொடுக்கும் பினைல்பியூட்டசோனும் வலது பெருங்குடலைப் புண்ணாக்கும்.

பல்லையும் மறக்காதீர்கள். கடைவாய்ப் பல்லின் விளிம்பு கூராகி வளர்ந்தால் குதிரை சரியாக மெல்லாது. மெல்லாத புல் வளைவில் நிற்கும். தின்னும்போது பாதி மென்ற உருண்டையைத் துப்புகிறதா என்று பாருங்கள். வருடம் ஒருமுறை பல் பார்த்து அராவ வேண்டும்.

அடைப்புத் திறந்த பிறகு

மூன்றாம் நாள் அந்தக் குவியலைக் கண்டதும் மாமா கைநிறையத் தவிடு அள்ளிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று மறித்தேன். காலியான குடலில் ஒரேயடியாகத் திணித்தால் மறுபடி நிற்கும். முதல் நாள் தண்ணீரில் நனைத்த இளம் புல், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி, அவ்வளவுதான். அடுத்த நாள் அதில் இரட்டிப்பு. தானியம், தவிடு ஒரு வாரத்துக்கு இல்லை. பழைய அளவுக்கு வர நான்கைந்து நாள் எடுத்தோம்.

தண்ணீர் இப்போது குழாய்த் தண்ணீர், இரண்டு வாளி, நிழலில். காலையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதும் கலண்டரில் ஏறும். உணவில் ஒரு மேசைக்கரண்டி உப்புச் சேர்த்தால் நன்றாகக் குடிக்கிறாள். புல்லுக்குக் கஷ்டமான மாதங்களில் படுவான்கரையில் வயல் வரம்புப் புல்லை வெட்டி உரப்பையில் பஸ்ஸில் அனுப்புகிறார்கள். வந்ததும் பரப்பி உலரவிட்டுத்தான் போடுவோம். வைக்கோல் கொஞ்சம் இன்னும் போகிறது, கால் பங்குக்கு மேல் போகாமல். தீனி எதை மாற்றினாலும் பத்து நாளில் மெதுவாக மாற்றுகிறோம்.

எனக்குக் காய்ச்சல் என்று படுத்திருந்த ஒரு காலையில் கொட்டில் பக்கமிருந்து மாமாவின் குரல் கேட்டது. டோர்ச் அவர் கையில். "மருமகன், ஐந்து! ஐந்தாவது கொஞ்சம் இளகல்." கலண்டரில் போய்ப் பார்த்தேன். ஐந்து என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு, "பையில் தொங்குகிறது" என்று எழுதியிருந்தார்.